வாடகைக் காரில் டஸ்கனி: கண்ணாடியில் காகிதம் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், என்ன செய்வது?

சேலத்துப் பயணி:
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இத்தாலியில் ஃப்ளாரன்ஸில் கார் வாடகைக்கு எடுத்து அம்மா, மனைவியோடு ஆறு நாள் சுற்றிக்கொண்டிருக்கிறோம். இன்று சனிக்கிழமை மத்தியானம், குன்றின் மேலுள்ள ஒரு சின்ன ஊரில் கோட்டை மதிலுக்கு வெளியே வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் நிறுத்தினேன். வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் பக்கம் போகவே கூடாது என்று படித்துவிட்டுத்தான் வந்தேன். சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் வைப்பருக்கு அடியில் மடித்த காகிதம். 42 யூரோ என்று ஒரு தொகை, கீழே 29,40 என்று இன்னொன்று, ஒரு கியூஆர் கட்டம், மீதியெல்லாம் இத்தாலியன்.

பலகையில் இருந்தது இதுதான்: பார்க்கிங்குக்கான பெரிய பி (P), அதற்குக் கீழே இரண்டு சுத்தியல் குறுக்காக வைத்த படம், 8-20, அப்புறம் 60. சுத்தியலைப் பார்த்ததும் சாலை வேலை போல, சனிக்கிழமை யார் வந்து ரோடு போடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி. திங்கட்கிழமை சியெனாவில் மதிலுக்குள் இருக்கும் விடுதியில் தங்குகிறோம். கார் நம்பரை அனுப்பச் சொல்லி அவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. எதற்கு? கொடுக்கலாமா?

ஊர்சுற்றி_77:
ப்ரோ, காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போடுங்கள். நாலு நாளில் ஊருக்குப் போய்விடுவீர்கள், சேலத்துக்கா வந்து வசூலிக்கப் போகிறான்?

பலெர்மோ அக்கா:
தம்பி, அந்தக் கதையைக் கேட்டுவிடாதீங்கோ. காகிதத்தைப் பத்திரமாக வையுங்கோ. நான் இங்கே இருபது வருசமாக வாகனம் ஓட்டுகிறேன், சொந்தக்காரர் ஆராவது வாடகை வாகனத்தில் வந்தால் இந்தத் தண்டப் பிரச்சினை இல்லாமல் போனதில்லை.

சுத்தியல் படம் சாலை வேலை இல்லை. வேலை நாள் என்று அர்த்தம், ஃபெரியாலி என்பார்கள். அதில் சனிக்கிழமையும் சேரும், அதுதான் எல்லாருக்கும் இடறுகிற இடம். ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் சிலுவைப் படம் போட்டிருக்கும். ஆக உங்கட பலகை சொன்னது: திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் இரவு 8 வரை, 60 நிமிடம் மட்டும் நிற்கலாம், வந்த நேரத்தைக் காட்டும் டிஸ்க்கைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். டிஸ்கோ ஒராரியோ என்பது அதன் பெயர். நீங்கள் டிஸ்க்கும் வைக்கவில்லை, ஒரு மணி நேரமும் தாண்டிவிட்டீர்கள். வெள்ளைக் கோடு இலவசம்தான், ஆனால் பக்கத்துப் பலகையையும் வடிவாக வாசிக்க வேணும்.

சேலத்துப் பயணி:
அய்யோ. இதைப் படித்துவிட்டுக் கீழே போய் காரைத் திறந்து தேடினேன். டாஷ்போர்டு பெட்டியில் ஒப்பந்தக் காகிதங்களுக்கு அடியில் நீல அட்டை ஒன்று இருக்கிறது, நடுவில் கடிகார முள் மாதிரி சுற்றுகிறது. ஆயில் மாற்றிய தேதி குறிக்க ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே பார்த்துவிட்டு மூடிவைத்தது அது!

டிரைவர் ராசு:
அதேதான் அண்ணா. வண்டி நின்ற நேரத்துக்குத் திருகி வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் போதும். அட்டை இல்லாத காரில் போனால் தபாக்கி என்கிற புகையிலைக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம், டி (T) என்று பலகை தொங்குமே, அந்தக் கடை.

குப்பையில் போடச் சொன்ன நண்பருக்கு: கார் உங்கள் பெயரில் இல்லை, கம்பெனி பெயரில் இருக்கிறது. நீங்கள் கட்டாவிட்டால் நோட்டீஸ் கம்பெனிக்குப் போகும், அவர்கள் உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த வேலைக்கென்று தனியாக ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுப்பார்கள். அபராதம் அதற்கு மேல் தனி. வெளிநாட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு, எனவே பயணத்தையே மறந்த பிறகு கதவைத் தட்டும். எனக்கு அப்படித்தான் வந்தது. கம்பெனிக்காரன் எடுத்த பணம் கிட்டத்தட்ட அபராத அளவுக்கே இருந்தது.

காகிதத்தில் இருக்கும் 29,40, அதாவது 29 யூரோ 40 சென்ட்தான் நீங்கள் கட்ட வேண்டியது. சீக்கிரம் கட்டினால் 30 சதவீதம் குறையும். எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே அச்சடித்திருக்கும், பாருங்கள். இப்போதே முடித்துவிட்டால் விஷயம் கம்பெனி வரைக்கும் போகாது. கியூஆரை எடுத்துக்கொண்டு எந்தத் தபாக்கிக்குப் போனாலும், அல்லது தபால் நிலையத்திலும், கட்டலாம். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

பலெர்மோ அக்கா:
ராசு சொன்னது சரி. இப்ப சியெனா விஷயம். நம்பரைக் கட்டாயம் கொடுங்கோ. பழைய நகர மையத்துக்குள் வெளியார் வாகனம் நுழையக் கூடாது, அந்த எல்லைக்கு இசட்-டி-எல் என்று பெயர். வெள்ளை வட்டம், சிவப்பு வளையம், மேலே கேமரா. உள்ளே தங்குகிறவரின் நம்பரை விடுதி நகராட்சிக்குக் கொடுத்தால்தான் பெட்டி இறக்கப் போய்வரத் தண்டம் விழாது. அனுப்பிவிட்டோம் என்று பதில் வராமல் உள்ளே விடாதீங்கோ. போனில் வழிகாட்டும் ஆப் அந்த வட்டத்துக்குள் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொரு வாசலிலும் வார்க்கோ அத்தீவோ என்று ஒளிரும். வாசல் திறந்திருக்கிறது என்று நினைப்பார்கள், நேர் எதிர். கட்டுப்பாடு இப்போது அமலில் இருக்கிறது, போகாதே என்று அர்த்தம். நோன் அத்தீவோ என்றால்தான் போகலாம். அந்தத் தண்டம் 83 யூரோவிலிருந்து ஆரம்பிக்கும்.

சேலத்துப் பயணி:
அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாளை சான் ஜிமினியானோ, அப்புறம் ஓர்வியத்தோ, சிவிதா டி பஞ்ஞோரேஜோ. அம்மாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது. எங்கே நிறுத்துவது?

டிரைவர் ராசு:
சான் ஜிமினியானோவில் பி1 ஜுபிலெயோ என்கிற நிறுத்துமிடம் விலை குறைவு, ஆனால் நடை அதிகம். அம்மாவுக்காக பி2 மோந்தேமஜ்ஜோ பாருங்கள், மதில் வாசலுக்குப் பக்கம். சீக்கிரம் போங்கள், மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும்.

ஓர்வியத்தோவில் காம்போ டெல்லா ஃபியேரா என்கிற நிறுத்துமிடம். பாறைக்கு அடியில் நிறுத்திவிட்டு எஸ்கலேட்டரிலும் லிஃப்டிலும் மேலே ஊருக்குள் போய்விடலாம், அம்மாவுக்கு இதைவிட வேறு வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, எதிரே இருக்கும் கயிற்று ரயிலில் ஏறுவது இன்னொரு வழி.

சிவிதாவை மட்டும் யோசியுங்கள். கார் உள்ளே போகவே முடியாது, பஞ்ஞோரேஜோவில் நிறுத்திவிட்டு நீண்ட நடைபாலத்தில் நடக்க வேண்டும், கடைசிப் பகுதி நல்ல செங்குத்து, உள்ளே போகக் கட்டணமும் உண்டு. அம்மாவை எதிர்ப்பக்கக் காட்சி மேடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்வருவது உத்தமம்.

நீலக் கோட்டில் மெஷின் நம்பர் பிளேட்டைக் கேட்டால் கவனம்: இத்தாலி பிளேட்டில் ஓ என்ற எழுத்தே கிடையாது, ஐ, கியூ, யூவும் கிடையாது. வட்டமாக இருந்தால் பூஜ்யம்தான்.

பலெர்மோ அக்கா:
ஒன்று விட்டுப்போச்சு. இரவு நிறுத்தும் முன்பு மெர்காத்தோ என்று பலகை இருக்கா, கிழமை எழுதி இழுவை வண்டிப் படம் போட்டிருக்கா பாருங்கோ. சந்தை நாள் அது. காலையில் அந்த இடத்தில் தக்காளிக் கடை இருக்கும், உங்கட வாகனம் இருக்காது.

சேலத்துப் பயணி (ஓர்வியத்தோவிலிருந்து):
ஞாயிறு தபாக்கி பூட்டியிருந்தது, திங்கள் காலை கட்டிவிட்டேன், 29,40 யூரோவும் சின்னக் கட்டணமும். கடைக்காரர் காகிதத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிச் சிரித்தார். சியெனா விடுதியில் பதில் வந்த பிறகுதான் உள்ளே போனோம். இப்போது அம்மா எஸ்கலேட்டரில் ஏறுகிறார். வண்டியை விட்டு இறங்கும் முன்பே நீல அட்டை எங்கே என்று கேட்டார், இங்கே காசு கட்டி நிறுத்தியிருக்கிறோம், அட்டை வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, அதை எடுத்து முள்ளைத் திருப்பிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.