ரெண்டு முறை பூக்கும் ஐரிஸ் ஒரு முறையோடு நின்றுவிடுகிறது, ஏன்?

மண்வெட்டி:
தாடி ஐரிஸ் (கீழ் இதழில் தாடி மாதிரி மயிர் இருக்கும், கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி), 'இம்மார்ட்டாலிட்டி' என்கிற வெள்ளை ரகம், நட்டு மூன்று வருடம் ஆகிறது. வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் இன்னொரு தடவை பூக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வசந்தத்தில் குறையே இல்லை, போன முறை ஆறு தண்டு வந்தது, ஆனால் அதற்குப் பிறகு வெறும் இலைதான். ஐரிஸுக்குத் தண்ணீர் ஆகாது, கிழங்கு அழுகிவிடும் என்று படித்ததால் கோடை முழுக்கக் காயப் போட்டிருக்கிறேன். பூ முடிந்ததும் இலையையும் சாண் உயரத்துக்குக் கத்தரித்துவிடுவேன், பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று. பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரத்தில் இதற்கும் ஒரு கை. ரகம் தப்பா, நான் தப்பா?

வேரும்விழுதும்:
ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். லாய்ட் ஸர்பிரிக் உருவாக்கி 1982-இல் பதிவான ரகம் அது, மறுபூப்பில் நம்பிக்கையானது என்று பெயர் எடுத்தது. விஷயம் இதுதான்: குலை தள்ளிய வாழை மறுபடி தள்ளுமா? ஐரிஸும் அப்படியே. ஒரு தடவை பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது, அதன் பக்கவாட்டில் கிளைக்கிற குட்டிக் கிழங்குதான் அடுத்த பூவைத் தர வேண்டும். சாதாரண ஐரிஸில் அந்தக் குட்டி அடுத்த வசந்தம் வரை காத்திருக்கும், மறுபூப்பு ரகத்தில் அதே வருடமே முற்றிவிடும். ஆக இரண்டாவது பூ உருவாவதே கோடையில்தான், நீங்களோ சரியாக அந்த நேரம் பார்த்துப் பட்டினி போடுகிறீர்கள். மழை இல்லாத வாரத்தில் ஓர் அங்குல மழைக்குச் சமமாக ஆழமாக ஊற்றுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு அடுத்தது. "ஐரிஸுக்குத் தண்ணீர் ஆகாது" என்பது நீர் தேங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

காலைவெயில்:
இலையை வெட்டுவதை முதலில் நிறுத்துங்கள். குட்டிக்குச் சோறு ஆக்குவது இலைதான், அதை வெட்டினால் அடுப்பையே அணைத்த மாதிரி. காய்ந்ததை, புள்ளி விழுந்ததை மட்டும் எடுங்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டலாம். புல் உரம் கூடவே கூடாது, நைட்ரஜன் அதிகம், இலை கொழுக்கும், கிழங்கு மெத்தென்று ஆகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். நைட்ரஜன் குறைந்த உரம் வசந்தத் தொடக்கத்தில் ஒரு தடவை, முதல் பூ முடிந்ததும் ஒரு தடவை, கிழங்கின் மேல் படாமல் சுற்றித் தூவினால் போதும். வெயில் ஆறு மணி நேரமாவது விழுகிறதா?

மண்வெட்டி:
வெயிலுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் அழுகல் என்றதும் போய்க் கிளறிப் பார்த்தேன். ஒரு கிழங்கில் கட்டைவிரல் அப்படியே உள்ளே போகிறது, நாற்றம் தாங்கவில்லை. மற்றவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

வேரும்விழுதும்:
அது பாக்டீரியா அழுகல். பழைய ஸ்பூனால் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி எறியுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காயத்தில் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். கத்தியையும் அதிலேயே கழுவுங்கள். மறுபூப்பு ரகம் வேகமாகப் பெருகும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பிரித்தாக வேண்டும். ஓர் அடி இடைவெளி, வேர் மண்ணுக்குள், கிழங்கின் முதுகு வெயிலில். ஒன்று, பிரித்து நட்ட வருடம் இரண்டாம் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

காலைவெயில்:
எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம் என்பேன். அழுகிய பக்கம் இப்போது, மீதி அடுத்த வருடம். அப்புறம், இலையுதிர் காலத்தில் மொட்டு வந்து அன்றைக்கே உறைபனி என்று தெரிந்தால் தண்டை வெட்டி உள்ளே ஜாடியில் வையுங்கள். நிறம் தெரிகிற அளவுக்கு வந்த மொட்டு ஜாடியிலேயே விரியும்.

மண்வெட்டி:
சரி, ஸ்பூனும் பிளீச்சும் எடுத்தாயிற்று. கத்தரிக்கோலை வீட்டுக்காரர் ஒளித்து வைத்துவிட்டார்.