நந்தியாவட்டையில் அரளி அந்துப்பூச்சி: புழு முதல் சிறகு வரை

அரளி அந்துப்பூச்சியின் புழுவைத் தேடுவோர் இலைகளைப் பார்ப்பதற்கு முன் செடியின் அடியில் தரையைப் பார்க்க வேண்டும் என்பதே என் அனுபவம். முழு வளர்ச்சி பெற்ற புழு ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தாலும், அதன் பச்சை நிறமும் பக்கவாட்டில் ஓடும் வெண்புள்ளிகளும் இலைகளோடு கலந்துவிடுவதால், கண்ணெதிரே இருந்தும் தெரியாது. தரையில் மிளகைப் போல உருண்டு கிடக்கும் எச்சம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு நேர் மேலே உள்ள கிளையில், இலைகள் நடுநரம்பு வரை தின்னப்பட்ட இடத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

எங்கள் வீட்டு வேலியோர நந்தியாவட்டை மழைக்குப் பின் துளிர் விடும் காலங்களில் இவை வருகின்றன. தாய்ப்பூச்சி இளந்துளிர்களில் வெளிர்பச்சை முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. பொரித்து வரும் புழு மூன்று நான்கு மில்லிமீட்டரே நீளமுள்ள மஞ்சள் நிறத்தது. வால்பக்கத்தில் நீண்டு மெலிந்த கறுப்புக் கொம்பு ஒன்று நிமிர்ந்திருக்கும். தோலுரிக்கத் தோலுரிக்க உடல் பச்சையாகிறது, கொம்பு குட்டையாகி வளைகிறது, தலைக்குச் சற்றுப் பின்னால் கறுப்பு விளிம்பிட்ட இரண்டு நீலக் கண்கள் தோன்றுகின்றன. அவை வெறும் தோற்றக் கண்களே. தொந்தரவு செய்தால் புழு தலையை உள்ளிழுத்து மார்பைப் புடைத்து அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும். முதன்முறை பார்ப்பவர் பாம்பென்று திடுக்கிடுவதில் வியப்பில்லை. கம்பளிப்பூச்சிக்கு உள்ளது போன்ற அரிக்கும் முடிகள் இதற்கு இல்லை.

வளர்ப்பது கடினமன்று. வலைத்துணி கட்டிய காற்றோட்டமான கூடையும் அன்றாடம் பறித்த இலையும் போதும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். மருந்து தெளித்த செடியின் இலையை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நாற்றுப் பண்ணையிலிருந்து புதிதாக வாங்கி வந்த செடியையும் நான் நம்புவதில்லை. அரளி இலை பறித்தால் கையை நன்றாகக் கழுவ வேண்டும், அதன் பால் நமக்கு நஞ்சு. புழுக்களைச் சிறியதாக இருக்கும்போதே எடுத்து வருவது நல்லது. வளர்ந்த பின் எடுத்தவற்றில் சிலவற்றின் உடலுக்குள் ஒட்டுண்ணி ஈக்களின் புழுக்கள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும். அத்தகையவை அந்துப்பூச்சியாக மாறுவதில்லை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் கட்டம் இதற்குப் பின்தான் வருகிறது. நேற்றுவரை ஓயாமல் தின்ற புழு திடீரென உண்பதை நிறுத்தும். முதுகு கருத்துப் பழுப்பாகும். செடியிலிருந்து இறங்கி நிலைகொள்ளாமல் அலையும். நோய் கண்டுவிட்டதென்று எண்ணித் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். உண்மையில் அது கூட்டுப்புழுவாக மாற இடம் தேடுகிறது. சிறிதளவு மண்ணும் அதன்மேல் உலர்ந்த சருகும் பரப்பிக் கொடுத்தால், சருகுகளைச் சில நூலிழைகளால் இணைத்து உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும்.

வெளிவரும்போது சிறகுகள் சுருங்கி ஈரமாக இருக்கும். உடனே ஏறித் தொங்குவதற்குச் சொரசொரப்பான குச்சியோ துணியோ இல்லையென்றால் அவை கோணலாகவே உலர்ந்துவிடும், பிறகு அது பறக்கவே முடியாது. ஆகவே கூட்டுப்புழு கிடக்கும் பெட்டியில் குச்சிகளைச் சாய்த்து வைக்க மறக்கக் கூடாது. சிறகு விரிந்ததும் கரும்பச்சை, வெளிர்பச்சை, இளஞ்சிவப்பு, வெண்மை ஆகியவை அலையலையாகப் படர்ந்திருக்கும் அந்த அழகைப் படங்கள் முழுமையாகக் காட்டுவதில்லை. இருட்டியதும் சிறகுகளை அதிரவைத்துப் பறப்புத் தசைகளைச் சூடேற்றிக்கொண்ட பிறகே அது கிளம்பும். அதுவரை கையால் தொடாமல் காத்திருக்க வேண்டும்.

வளர்க்க வசதி இல்லாதவர்களிடம் ஒன்றே கேட்டுக்கொள்கிறேன். நந்தியாவட்டை, அரளிச் செடிகளின் அடியிலுள்ள சருகைக் கூட்டி எரித்தால் கூட்டுப்புழுக்களும் அதோடு எரிந்துபோகின்றன. செடியைச் சுற்றி இரண்டடி அளவுக்குச் சருகை அப்படியே விட்டுவையுங்கள்.