நிறைந்தபடியே வீடு திரும்பிய தண்ணீர் பாட்டில்

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் மேலாண்மைக் குழு உறுப்பினர். பெரிதாக நினைக்க வேண்டாம், கூட்டத்துக்குப் போய் நோட்டில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதுதான் வேலை. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைக்கணக்குக்கு இருந்தோம், வாய் திறந்ததில்லை.

அன்று கூட்டம் முடிகிற நேரத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஏதோ பதிவேடு கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். "சார், பாத்ரூம்ல மூணு மாசமா தண்ணி வரலை. அதனால நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்லை, அந்த நாள்ல லீவு போட்டுடுறோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு கை நடுங்க நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். சாயங்காலம் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும், அதற்காக அவளை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

"இதையெல்லாம் இங்க வந்து சொல்லணுமா, கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்றதுக்கென்ன" என்றார் தலைமையாசிரியர். டீச்சரிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு "உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, டிசி வாங்கிக்கிறீங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். நூறுநாள் வேலைக்குப் போகிறவர், பயந்துபோய் ராத்திரி என் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை பேசினதைவிட எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இங்கே நாங்கள் சும்மா இருந்திருந்தால் அந்த வகுப்பில் இன்னொருத்தி வாய் திறந்திருக்க மாட்டாள். காலையில் ஏழு அம்மாக்கள் போய் நின்றோம். சத்தம் போடவில்லை. டிசி பேச்சை எடுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவோடு நிற்போம் என்று மட்டும் சொன்னோம். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு அப்பா மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே கம்பிச்சுருள் (coil) எரிந்திருந்தது. பள்ளி மானியத்தில் 10 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று இருக்கிறதே, அந்தக் கணக்கைக் கேட்டோம். மிச்சம் இருந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது.

---

உங்கள் பதிவைப் படித்தேன் அக்கா, நான் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஒரு மோட்டாருக்கு எத்தனை ஆபீஸ் படியேற வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும், பாதி நேரம் கைக்காசுதான். ஆனால் டிசி என்று மிரட்டியது தப்பு, தப்பேதான். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது, நீங்கள் சொன்ன அதே சட்டத்தில் 16-ஆம் பிரிவு. அந்த அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

---

இந்தப் பதிவைப் படித்ததும் எனக்கும் பழைய ஞாபகம் வந்தது. நாங்கள் பத்தாவது முடித்த லீவில் கூடப் படித்தவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தோம். பேசியது நான், குரலே வரவில்லை. அதிகாரிகள் வந்து, 18 வயதுக்கு முன்னால் நடத்தினால் கேஸ் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். போன் செய்தது யார் என்று தெருவுக்கே தெரிந்துபோய் என் வீட்டில் அடி. கணக்கு டீச்சர்தான் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, அவளைப் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டார். இப்போது நர்ஸாக இருக்கிறாள். அவள் அப்பா மட்டும் இன்றைக்கும் நான் எதிரே வந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்.