மூலாவின் 28 வருஷம்: கணக்கு எங்கே உதைக்குது?

டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ, அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சிக் கம்பெனி) பெண்கள் பட்டம்னு பேச்செடுத்தாலே, ஃபேபுலஸ் மூலா 28 வருஷம் விடாம வைத்திருந்தார்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நாள் கணக்கு சரி. 1956 செப்டம்பர் 18, பால்டிமோர்: 13 பேர் ஒரே ரிங்கில் இறங்கி மோதின பேட்டில் ராயலில் கடைசியா ஜூடி கிரேபிளைச் சாய்த்தார். இழந்தது 1984 ஜூலை 23. மொத்தம் 10,170 நாள், அதாவது 27 வருஷம் 10 மாதம். உதைப்பது ‘விடாம’ங்கிற வார்த்தைதான். 1966-ல் பெட்டி பூஷே, 1968-ல் ஜப்பானில் யுகிகோ டொமோயே, 1976-ல் சூ கிரீன், மூணு பேர்கிட்டயும் தோற்றுத் திரும்ப வாங்கியிருக்கார். பட்ட உரிமையை மூலா டபிள்யூ.டபிள்யூ.எஃப் கம்பெனிக்கு விற்ற பிறகு அவங்க எழுதின சாம்பியன் வரிசையில் இதெல்லாம் ஏறவே இல்லை.

—

இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் மல்யுத்தத்துக்கு 1972 வரை தடை. நியூயார்க்கின் பெரிய அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூலா முதல் தடவை இறங்கினது அந்த ஜூலை 1-ல்தான். ‘28 வருஷ’த்தில் பாதிக்கு மேல் அந்த ரிங்குக்குள்ளேயே அவர் வரலை!

—

டேப் பார்க்கிறவங்க இரண்டு ஆட்டத்தை அடுத்தடுத்துப் போடுங்க. இரண்டும் அதே கார்டன்தான்.

1984 ஜூலை 23, எம்டிவி நேரலை. மூலாவை எதிர்த்த வெண்டி ரிக்டர் பக்கம் பாப் பாடகி சிண்டி லாபர், மூலா பக்கம் மேனேஜர் லூ அல்பானோ. கடைசி பின்னில் (எதிராளியின் தோள்களை மூணு எண்ணும்வரை தரையில் அழுத்துவது) இரண்டு பேர் தோளும் தரையில். மூணு எண்ணுவதற்குள் ரிக்டர் ஒரு தோளைத் தூக்கிடறார், மூலா தூக்கலை. பிடித்தவரே தோற்ற கதை. முகத்தைப் பார்த்துட்டிருந்தா ஒண்ணும் புரியாது, தோளைப் பாருங்க.

1985 நவம்பர் 25: சாம்பியன் ரிக்டரை எதிர்த்து முகமூடி போட்ட ‘ஸ்பைடர் லேடி’. உள்ளே இருப்பது மூலாவேதான். ஸ்மால் பேக்கேஜில் (கை காலைச் சேர்த்து மடக்கிப் பிடிக்கும் பின்) சுருட்டுகிறார், ரிக்டர் உதறி எழுந்தும் ரெஃப்ரி கை நிற்காம மூணைத் தட்டி முடிக்குது. ரிக்டர் முகமூடியைப் பிய்த்தெறிந்து அடிச்சுட்டே இருக்கார், அதற்குள் மணி அடித்தாச்சு. பின்னணி சம்பளத் தகராறு. ரிக்டர் அன்றைக்கே கம்பெனியை விட்டுப் போனார். பிரெட் ஹார்ட்டுக்கே தெரியாம கம்பெனி ஆட்டத்தை முடிச்சு அவர் பட்டத்தைப் பறிச்ச 1997 மான்ட்ரியல் சம்பவத்துக்கு 12 வருஷம் முந்தியது இது. இதைப் பேச ஆள் குறைவுங்கிறது என் வருத்தம்.

—

பிறகு வந்தவங்களோட நாட்களைக் கூட்டும்போது இடைவெளிகளைக் கழிக்கணும். 1990-ல் பட்டத்தை மூடி வைத்தாங்க. 1993 டிசம்பரில் அலுண்ட்ரா பிளேஸ் ஜெயித்த பிறகுதான் திரும்ப உயிர் வந்தது. 1995 டிசம்பரில் அவரே அந்த பெல்ட்டை எதிர்க் கம்பெனி நிகழ்ச்சியான நைட்ரோவில் குப்பைத்தொட்டியில் போட்டார். அதோட 1998 செப்டம்பரில் ஜாக்குலின் ஜெயிக்கும்வரை சாம்பியனே கிடையாது.

2010 செப்டம்பரில் அதை கம்பெனியின் இன்னொரு பெண்கள் பட்டமான டிவாஸ் பட்டத்தோட இணைச்சு முடிச்சுட்டாங்க. 2016-ல் கம்பெனியின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சார்லட் வாங்கினது வேற பட்டம். டிரிஷ் ஸ்ட்ராடஸ் பழைய பட்டத்தை 7 தடவை ஜெயித்ததை அந்தப் புதுப் பட்ட வரிசையில் ஏற்றாதீங்க.