புதுப்பிப்பு: மௌனமா, நிசப்தமா, அமைதியா? முடிவு கிடைத்தது

போன முறை நான் கேட்டது இதுதான்: கணவன் மனைவி சண்டை முடிந்ததும் "வீட்டில் ____ நிலவியது" என்று என் கதையில் ஒரு வரி. மூன்று சொற்களில் எது பொருந்தும்? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "அந்தச் சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்று பாருங்கள்" என்ற யோசனை. மௌனம் சாதிக்கலாம், நிசப்தம் சாதிக்க முடியாது. மௌனத்துக்கு ஓர் ஆள் வேண்டும், பேச முடிந்தும் பேசாத ஆள். நிசப்தம் இடத்தைச் சேர்ந்தது. அமைதி குலையும், கெடும்; அதில் கொஞ்சம் நிம்மதியும் ஒட்டியிருக்கிறது. சண்டை போட்ட வீட்டில் நிம்மதி ஏது? அதனால் அமைதி முதலில் கழிந்தது.

அடுத்த வரியில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. அப்படியென்றால் நிசப்தமும் நிற்காது. மிஞ்சியது மௌனம்.

வாய்விட்டுப் படிக்கச் சொன்ன யோசனை ஓசைக்கு உதவியது, ஆனால் இந்த இடத்தில் மூன்றுமே காதுக்கு நன்றாகத்தான் இருந்தன. அகராதியில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் அதிகம் பயன்பட்டன.

எதிர்பாராதது ஒன்று: சொல் முடிவானதும் "நிலவியது" பொருந்தவில்லை. யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது. இப்போது வரி இப்படி: "இருவரும் மௌனம் சாதித்தார்கள். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது." அப்புறம், "அவள் எதுவும் பேசவில்லை" என்ற அடுத்த வாக்கியம் தேவையில்லாமல் போனது, எடுத்துவிட்டேன்.