வழிதப்பிய பாறையா, கொணர்கல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

நான் கேட்ட ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் எஸ்தோனியாவின் வடகரையில் உள்ள லாகெமா தேசியப் பூங்காவில் ஒரு குளிர்காலம் தங்கி, காட்டைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்து வந்திருக்கிறான். ஜார்ஜ்டவுனில் சிறிய கண்காட்சி வைக்கிறோம். படக்குறிப்பைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. கேஸ்மு என்ற இடத்தில் பைன் மரங்களுக்கு இடையே, யாரோ கொட்டிவிட்டுப் போனது போல, பாசி படர்ந்த பாறாங்கற்கள் கிடக்கின்றன. பனி வேறிடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட இத்தகைய கற்களை ஆங்கிலத்தில் எராட்டிக் (erratic) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும்.

சென்னை நண்பர் தந்த 'வழிதப்பிய பாறை' மூலச்சொல்லுக்கு நேரானது. ஆனால் அந்தக் கற்கள் எதுவும் வழி தப்பவில்லை. கடந்த பனியூழியில் வட ஐரோப்பாவை மூடியிருந்த பனி, பின்லாந்துப் பக்கத்துப் பாறைத்தளத்தைப் பெயர்த்துத் தெற்கே தள்ளி வந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அது உருகியபோது கற்களை அப்படியே விட்டுப் போனது. பனி எந்தத் திசையில் நகர்ந்தது என்பதையே இந்தக் கற்களை வைத்துத்தான் நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள். வழி காட்டும் கல்லை வழி தப்பியது என்று எப்படிச் சொல்வது?

'வந்தேறிப் பாறை' என்று எழுதிய அக்காவுக்கு: பொருள் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லை ஏச்சாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியின் பேரப்பிள்ளைகள் பார்க்க வரும் சுவரில் அதை எழுத எனக்குக் கை வராது.

ஈப்போ ஐயாவின் 'உருண்டைப் பாறை' சொல்வதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையிலும் உருண்டைப் பாறைகள் இருக்கின்றன. அவை எங்கிருந்தும் வந்தவை அல்ல. இந்தத் தீவின் கருங்கல் வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, மூலைகள் மக்கி, மண் அரித்துப் போனபின் மிஞ்சிய உள்ளூர்க் கல் அது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் அந்த ஊர்க் கல்தான். வடிவம் எதையும் சொல்லாது, வந்த கதையைத்தான் சொல் சொல்லவேண்டும்.

கருப்பு வெள்ளையில் இது இன்னும் முக்கியம். வண்ணப்படமாக இருந்தால் சில கற்களின் இளஞ்சிவப்பே காட்டிக்கொடுக்கும்: கிடப்பது வேற்றூர்க் கருங்கல் என்று. கருப்பு வெள்ளையில் அந்தச் சாட்சி போய்விடுகிறது. பச்சைப் பாசியும் கல்லும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரித்துக் காட்ட லென்சில் பச்சை ஃபில்டர் போட்டானாம், பாசி வெளுத்துக் கல் தனியே தெரிந்தது. பனி விழுந்த நாட்களில் கேமராவின் ஒளிமானி சொன்னதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒளியளவின் படி) கூட்டினால்தான் பனி வெள்ளையாக வந்தது. இத்தனை செய்தும், கல் வெளியூர்க்காரன் என்பதை மட்டும் படத்தால் சொல்ல முடியவில்லை. அந்த வேலை படக்குறிப்புக்குத்தான்.

அதனால் 'கொணர்கல்' என்று முன்வைக்கிறேன். நடுகல் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. கல் தானாக அலையவில்லை, பனி கொணர்ந்தது என்பது சொல்லிலேயே இருக்கிறது. கண்ணகிக்குச் சிலை வடிக்கச் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதுவும் வடக்கிலிருந்து தெற்கே வந்த கல்தான். இது நினைவுக்கு வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவ்வளவு பெரியதைக் கல் என்னலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாறை என்றால் நம் காதில் ஊன்றி நிற்பது, கல் என்றால் பெயர்வது. எஸ்தோனியாவின் மிகப்பெரிய கொணர்கல் சுமார் 7 மீட்டர் உயரம். அதை அவர்கள் எகல்கிவி என்கிறார்கள். கிவி என்றால் கல்தான்.

ஆறு உருட்டி வந்ததும் கொணர்ந்த கல்தானே என்ற கேள்வி நியாயமானது. பாடநூலில் 'பனிக்கொணர்கல்' என்று விரித்து எழுதலாம். 'பனிப்பாறை' என்று தொடங்கவேண்டாம். நாளிதழ்களில் அது கடலில் மிதப்பதற்கும் மலையில் நகர்வதற்கும் பொதுவாகிவிட்டது.

சரி, முதல் படத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 'கொணர்கல், கேஸ்மு. வடக்கேயிருந்து பனி சுமந்து வந்து இங்கே இறக்கியது.' அடுத்த வியாழன் அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.