ஈஎல்34 புது ஜோடி போட்டும் ஒரு பிளேட் மட்டும் சிவக்கிறது, பயாஸ் எங்கே தவறுகிறது?

கேள்வி (காரைக்குடி)

வணக்கம். 50 வாட் பிரிட்டிஷ் வகை கிட்டார் ஹெட் (ஸ்பீக்கர் தனியாக இருக்கும் வால்வு ஆம்பிளிஃபயர்). பவர் பகுதியில் ஈஎல்34 வால்வு இரண்டு, முன்னால் சின்ன வால்வு ஈசிசி83 மூன்று. பழைய ஜோடி தளர்ந்துபோய், தடித்த கம்பியைத் தட்டினால் நோட்டு கொழகொழவென்று வந்தது. மேட்ச் செய்த புது ஜோடி வாங்கிப் போட்டேன். ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளி ஒன்றரை நிமிடத்தில், பின்பக்கமிருந்து பார்த்தால் வலது வால்வின் பிளேட் (உள்ளிருக்கும் உலோகத் தகடு) நடுவே சிவப்புப் பொட்டு விழுந்து பரவுகிறது. உடனே அணைத்துவிட்டேன். இடது வால்வு சும்மா இருக்கிறது. ஸ்பீக்கரில் ஹம்மும் கூடிவிட்டது. உள்ளே பயாஸ் (வால்வின் கரண்டை அடக்க கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்) வைக்கும் பிரிசெட் திருகு ஒன்று இருக்கிறது, இன்னும் தொடவில்லை. வால்வே பழுதா, பயாஸ் வைக்காததாலா? டிஜிட்டல் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன. கோயில் திருவிழாக் கச்சேரி நெருங்குகிறது.

பதில் (தேவகோட்டை)

தம்பி, உடனே அணைத்ததால் வால்வு பிழைத்திருக்கும். பயாஸ் பொதுவாகக் குறைந்திருந்தால் இரண்டு பிளேட்டும் சேர்ந்து சிவக்கும். ஒன்று மட்டும் சிவந்தால் அந்த வால்வு, அல்லது அந்த சாக்கெட்டுக்கு வரும் வழி, இரண்டில் ஒன்றில்தான் கோளாறு. பிரிசெட்டைத் திருப்புவது இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கத்துக் கோளாறை மறைக்க இரண்டு பக்கத்தின் கரண்டையும் குறைத்துக் குளிர வைத்தால் சத்தம் கரகரப்பாகும், கோளாறு அப்படியே இருக்கும்.

வால்வை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட, வால்வே இல்லாமல் அளப்பது பத்திரம். பிளக்கை உருவி சேஸிஸைக் கழற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் ஃபில்டர் கண்டென்சரில் 450 வோல்டுக்கு மேல் நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நன்றாக இன்சுலேட் செய்த வயர் வைத்து, ஒன்றை சேஸிஸிலும் மற்றதை ஒவ்வொரு கண்டென்சரின் பிளஸ்ஸிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரில் 5 வோல்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

பவர் வால்வு இரண்டையும் எடுத்துவிடுங்கள், ஈசிசி83 மூன்றும் இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு வயரை கிளிப் போட்டு சேஸிஸில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். ஸ்டாண்ட்பையும் தள்ளியபின் ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5ஆம் பின்னில் டிசி வோல்ட் எவ்வளவு என்று எழுதுங்கள். சாக்கெட்டை அடிப்பக்கமிருந்து பார்த்தால் சாவிப் பள்ளத்திலிருந்து கடிகாரச் சுற்றில் 1, 2, 3 என்று எண்ண வேண்டும். 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கண்ட்ரோல் கிரிட், 8 கேத்தோடு, 2-ம் 7-ம் ஹீட்டர். வால்வு இல்லாதபோது ஹை வோல்டேஜ் வழக்கத்தைவிட ஏறும், அதனால் அளந்ததும் அணைத்துவிடுங்கள்.

கூடவே 4ஆம் பின்னுக்குப் போகும் ஸ்கிரீன் ரெசிஸ்டர்களையும், கரண்ட் இல்லாத நிலையில், ஓம்ஸில் பாருங்கள். 1 கிலோ ஓம், 5 வாட் இருக்கும். சிவந்த பக்கத்தில் அது வெந்து மதிப்பு மாறியிருக்க வாய்ப்புண்டு.

கேட்டவர்

அளந்தேன் அண்ணே. இடது 5ஆம் பின் -38 வோல்ட். வலது -29 வோல்ட்தான் வருகிறது, நிமிடத்துக்கு நிமிடம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஸ்கிரீன் ரெசிஸ்டர் இரண்டும் 1 கிலோ ஓம்தான். பிரிசெட்டின் நடுக்காலில் -38.5.

பதில் (தேவகோட்டை)

ஆள் கிடைத்துவிட்டது. பயாஸ் சப்ளை நன்றாக இருக்கிறது, வால்வும் குற்றவாளி இல்லை. வலது பக்கக் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. ஃபேஸ் இன்வெர்டர் (சிக்னலை எதிரெதிர் இரண்டாக்கி பவர் வால்வுகளுக்குக் கொடுக்கும்) ஈசிசி83-இன் பிளேட்டிலிருந்து 5ஆம் பின்னுக்கு வரும் 0.022 மைக்ரோ ஃபேரட் கண்டென்சர் அது. ஒரு பக்கம் பிளஸ் 200 வோல்டுக்கு மேல், மறுபக்கம் மைனஸ் 38. நடுவே டிசி துளியும் போகக்கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பயாஸ் 220 கிலோ ஓம் வழியாக கிரிட்டுக்கு வருகிறது. அதில் 9 வோல்ட் விழுகிறதென்றால் சுமார் 40 மைக்ரோ ஆம்ப் கசிகிறது. கண்டென்சர் வெறும் 6 மெகா ஓம் ரெசிஸ்டராக மாறிவிட்டது என்று அர்த்தம். மீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் மீட்டர் கொடுக்கும் ஓரிரு வோல்டில் கசிவு வெளிப்படாது. சூடு ஏற ஏறக் கசிவு கூடும், அதனால்தான் உங்களுக்கு எண் நிற்காமல் இறங்குகிறது. உறுதி செய்ய, கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். 5ஆம் பின் -38-க்குத் திரும்பினால் சந்தேகமே இல்லை.

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 0.022 மைக்ரோ ஃபேரட், 630 வோல்ட், பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். 400 வோல்ட் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 630 கேட்டு வாங்குங்கள். ஆன் செய்த சில விநாடிகளுக்கு, வால்வு சூடாகி கரண்ட் இழுக்கும் முன், இன்வெர்டர் பிளேட்டில் வோல்ட் மிக மேலே போகும்.

சேஸிஸ் திறந்திருக்கும்போதே இரண்டு வேலை. பயாஸ் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் பழையதென்றால் மாற்றிவிடுங்கள். இது மைனஸ் சப்ளை, ஆகவே கண்டென்சரின் பிளஸ் கால்தான் எர்த்துக்கு. பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டு வெடித்தவை நிறைய. அடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 8ஆம் பின்னை எர்த்திலிருந்து கழற்றி, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே 1 ஓம், 1 வாட், 1 சதவீத ரெசிஸ்டர் வையுங்கள். ஈஎல்34-இல் 1ஆம் பின் 8ஆம் பின்னோடு சேர்ந்தே இருக்க வேண்டும், அதைப் பிரிக்காதீர்கள். இனிமேல் அந்த ரெசிஸ்டரின் மேல் 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்ப்.

பதில் (பள்ளத்தூர்)

சாக்கெட்டின் 2-க்கும் 3-க்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி. ஹீட்டரும் பிளேட்டும் பக்கத்துப் பக்கத்துப் பின். ஸ்பீக்கர் வயர் விட்டுப்போன நிலையில் ஹெட் ஓடியிருந்தால் அங்கே பொறி தாவி, பேக்கலைட்டில் பென்சில் கோடு மாதிரி கரிக்கோடு விழும். சுரண்டினாலும் போகாது, அடுத்தமுறையும் அதே கோட்டில்தான் தாவும். கோடு இருந்தால் செராமிக் சாக்கெட் மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று, நம் பக்கம் கரண்ட் பகலில் ஒரு மாதிரி, நள்ளிரவில் ஒரு மாதிரி. திருவிழாவில் ஜெனரேட்டர் என்றால் சீரியல் லைட் லோடு திடீரென்று விட்டதும் வோல்ட் எகிறும். டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வரும் வோல்டுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பு) 220-இல் இருந்து, கரண்ட் கம்பியில் 250 வந்தால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.1-க்கு மேல் போகும். 6.9-ஐத் தாண்டக் கூடாது. 240 டேப் இருந்தால் அதில் வையுங்கள். பயாஸ் வைக்கும்போது கம்பி வோல்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேள்வி (கானாடுகாத்தான்)

நடுவில் ஒரு சந்தேகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ரேடியோ, மைக் செட் வால்வுகள் கண்ணில் படுகின்றன. இதில் போடலாமா? 6எல்6 என்ற வேறு பவர் வால்வு கிடைத்தால்?

பதில் (தேவகோட்டை)

ரேடியோவில் வரும் ஈஎல்84 ஒன்பது பின், சாக்கெட்டிலேயே ஏறாது. ஈஎல்34 கிடைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு பளபளப்பாக இருக்கிறதா பாருங்கள். பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வாங்காதீர்கள். நடுவிலுள்ள கறுப்புச் சாவி உடைந்ததையும் விடுங்கள், தப்பான துளையில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. ஒற்றையாக எடுத்தால் ஜோடி சேராது. இரண்டுக்கும் நடுவே கரண்ட் 5 மில்லி ஆம்புக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஹம் கேட்கும்.

6எல்6-க்கு இந்த ஆம்பிளிஃபயரில் சுமார் -48 வோல்ட் வேண்டும். உங்கள் பிரிசெட் அவ்வளவு தூரம் போகாவிட்டால் அதன் எல்லையை முடிவு செய்யும் ரேஞ்ச் ரெசிஸ்டரை மாற்றாமல் போடக்கூடாது. 6எல்6 ஆம்பிளிஃபயரில் ஈஎல்34 போட நினைப்பவர்கள், ஹீட்டர் 0.9-க்குப் பதில் 1.5 ஆம்ப் இழுக்கும் என்பதையும் 1-8 இணைப்பையும் கவனிக்க வேண்டும்.

கேட்டவர்

கண்டென்சர் காலைக் கழற்றியதும் -38 திரும்பியது. இரண்டையும் மாற்றிவிட்டேன், 1 ஓமும் வைத்தாயிற்று. சாக்கெட்டில் கரிக்கோடு இல்லை. கம்பி 241, டேப் 240. ஸ்பீக்கர் மாட்டி, வால்யூம் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்தேன். சிவப்பு இல்லை. பிளேட் 462 வோல்ட், இடது 36, வலது 33 மில்லி வோல்ட். நண்பர் ஒருவர் 35-இல் வைத்தால் போதும் என்கிறார். சரியா?

பதில் (தேவகோட்டை)

35 என்பது பொது எண் இல்லை. பிளேட் வோல்ட் தெரியாமல் கரண்டை மட்டும் சொன்னால் அது அரைக் கணக்கு. ஈஎல்34 பிளேட்டின் உச்சம் 25 வாட். ஏபி வகுப்பில் (இரண்டு வால்வும் அலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த முறையில்) சும்மா நிற்கும்போது அதில் 60-இலிருந்து 70 சதவீதம், அதாவது 15 முதல் 17.5 வாட். நீங்கள் அளப்பது கேத்தோடு கரண்ட், அதில் ஸ்கிரீன் கரண்ட் சுமார் 4 மில்லி ஆம்ப் கலந்திருக்கிறது. ஆக இடது பிளேட்டில் 32 மில்லி ஆம்ப், 462-ஆல் பெருக்கினால் 14.8 வாட். வலது 13.4 வாட். கொஞ்சம் குளிர்ச்சி.

பிரிசெட்டை நூலளவு திருப்பி, இடது 40 வரும்வரை கொண்டு வாருங்கள். வலது 37 அளவில் நிற்கும். கரண்ட் கூடும்போது பிளேட் வோல்ட் சற்று இறங்கும், 458 என்று வைத்தால் இடது 16.5 வாட், வலது 15.1. திருவிழா மேடைக்கு இதற்கு மேல் ஏற்ற வேண்டாம், ஜெனரேட்டர் எகிறினால் தாங்கும் இடம் வேண்டும். பிரிசெட்டை இன்சுலேட் செய்த டிரைவரால் திருப்புங்கள், ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், புது வால்வு நகரும். நாலைந்து மணி நேரம் வாசித்தபின் இன்னொரு முறை. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பிளேட்டையும் ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். கண்ணாடியில் நீலமாக மினுங்கினால் பயப்பட வேண்டாம், பிளேட் உலோகம் சிவக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹை வோல்டேஜ் ஃபியூஸ் பின்பலகையில் அச்சிட்ட மதிப்பே இருக்கட்டும். அதே மதிப்பில் இரண்டு உதிரியை கச்சேரிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே பழைய ஜோடியையும். அவசரத்துக்கு அதைப் போட நேர்ந்தால் முதலில் 1 ஓமில் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டாரைச் சொருக வேண்டும்.